இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவிய கிளாசிக் காரை மீட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய கார் ஒன்று பலமாக அடிபட்டால், இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து பெரும்பாலும் முதலில் வரும் பதில் "டோட்டல் லாஸ்" என்பதுதான். கேட்டதும் வண்டியின் கதையே முடிந்துவிட்டதுபோல இருக்கும். ஆனால் அந்த முடிவை எடுத்தவர் மெக்கானிக் இல்லை, கணக்குப் பார்ப்பவர். ரிப்பேர் செலவு இவ்வளவு, காரின் மதிப்பு இவ்வளவு, உடைந்த நிலையில் விற்றால் இவ்வளவு என்று மூன்று எண்களை வைத்துக்கொண்டு, ரிப்பேர் கட்டுப்படியாகாது என்று எழுதியிருக்கிறார். சேஸிஸ் வளைந்திருக்கிறதா, இன்ஜின் சுற்றுகிறதா என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் பல சமயம் பதிலே இருக்காது.

புது கார்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும். கிளாசிக் காருக்கு மூன்று எண்ணுமே தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். விலைப் பட்டியலில் அந்த மாடலே இருக்காது. ரிப்பேர் மதிப்பீட்டைப் போட்டவர் அந்தக் காரின் கதவைக்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார். ஸ்கிராப் விலையோ, பேட்ஜுக்கும் கார்புரேட்டருக்கும் மட்டுமே சேகரிப்பாளர்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்று தெரியாமல் போடப்பட்டிருக்கும். ஆகவே வாதாட வேண்டியது இந்த மூன்று எண்களோடுதான். "தாத்தா காலத்து வண்டி சார், விட மனசில்லை" என்பது உண்மையாகவே இருக்கலாம். கிளெய்ம் ஃபைலில் அது ஒரு பைசாகூடச் சேர்க்காது.

படி 1: வண்டியை உங்கள் கையை விட்டுப் போக விடாதீர்கள்

விபத்து நடந்த சூட்டோடு, "எங்கள் யார்டில் வைத்துக்கொள்கிறோம், உங்களுக்குச் செலவில்லை" என்று ஒரு போன் வரும். கேட்க உதவி மாதிரி இருக்கும். ஒத்துக்கொள்ளாதீர்கள். சால்வேஜ் யார்டுகளில், அதாவது அடிபட்ட வண்டிகளைப் போட்டு வைக்கும் இடங்களில், வண்டியைப் பெரும்பாலும் ஃபோர்க்லிஃப்ட்டில்தான் தூக்குவார்கள். அதன் இரும்புக் கரங்கள் ஃப்ளோரையும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பாக்ஸையும் நசுக்கினால், விபத்தில் தப்பித்த பாகம் யார்டில் போய்விடும். மழை உள்ளே இறங்கும். குரோம் பட்டை, கடிகாரம், ஸ்டியரிங் நடுவிலிருக்கும் ஹார்ன் பட்டன் போன்ற சின்னச் சாமான்கள் காணாமல் போகும். புது கதவு கிடைத்தாலும் கிடைக்கலாம், அந்த ஹார்ன் பட்டன் கிடைக்காது.

முடிந்தால் சொந்த இடத்துக்கோ நம்பிக்கையான ஒர்க்‌ஷாப்புக்கோ கொண்டுவந்துவிடுங்கள். டோ வண்டி என்றால் தட்டையான மேடையுள்ளதாகக் கேளுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி இழுத்துப் போவது அடிபட்ட பழைய காருக்கு ஆகாது. வண்டி ஏற்கெனவே யார்டுக்குப் போயிருந்தால், "உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்கவோ, பாகம் கழற்றவோ, நசுக்கவோ கூடாது" என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் யார்டுக்கும் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னது சொல்லாததற்குச் சமம்.

வாடகைக் கணக்கிலும் ஒரு கண் வேண்டும். தனியார் கேரேஜில் வண்டி நின்றால் நாள் வாடகை ஏறும், ஒரு தேதிக்குப் பிறகு கம்பெனி அதைத் தராது. நஷ்டத்தை வளரவிடாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்று அவர்கள் சொல்வார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

படி 2: எதிலும் கையெழுத்துப் போடாமல் பாலிசியை எடுத்துப் படியுங்கள்

முழு, இறுதித் தீர்வாக ஏற்கிறேன் என்ற வாசகம் உள்ள எந்தத் தாளும், உரிமை மாற்றப் படிவமும் இப்போதைக்குக் கையெழுத்தாக வேண்டாம். பணம் அவசரம் என்றால், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தொகையை மட்டும் முன்னதாகக் கேட்கலாம். அப்போது "மீதித் தொகைக்கான என் உரிமையைப் பாதிக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி அனுப்ப வேண்டும்.

பாலிசியில் முதலில் தேட வேண்டியது, மதிப்பு எப்படி முடிவாகிறது என்ற பகுதி. மூன்று வகை உண்டு. ஒப்புக்கொண்ட மதிப்பு என்றால், இந்தக் காருக்கு இவ்வளவு என்று இரு தரப்பும் முன்பே பேசி எழுதியிருக்கிறீர்கள். முழு நஷ்டத்துக்கு அதுதான் தொகை, பேரம் இல்லை. சந்தை மதிப்பு என்றால், விபத்துக்கு முந்தைய நொடியில் அதே நிலையில் உள்ள அதே மாதிரிக் காரை வாங்க என்ன ஆகும் என்பது. வாதாட நிறைய இடம் உண்டு. மூன்றாவதுதான் ஏமாற்றும் வகை. அமெரிக்கப் பாலிசிகளில் வரும் "ஸ்டேட்டட் வேல்யூ"வில் நீங்கள் சொன்ன தொகை எழுதப்பட்டிருக்கும். ஆனால் பொதுவாக அந்தத் தொகையோ சந்தை மதிப்போ, எது குறைவோ அதைத்தான் தருவார்கள். இது ஒப்புக்கொண்ட மதிப்பு என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பிரீமியம் கட்டியவர்கள் உண்டு.

இந்தியப் பாலிசிகளில் காரின் மதிப்பு ஐடிவி (இன்சூர்ட்ஸ் டிக்ளேர்டு வேல்யூ) என்ற பெயரில் வரும். ஐந்து வயது வரை தேய்மான விகிதம் அட்டவணையில் இருக்கிறது. ஐந்தைத் தாண்டிய கார்களுக்கும் உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கும், பாலிசி எடுக்கும்போது இரு தரப்பும் பேசி முடிவு செய்வதுதான் ஐடிவி. விபத்துக்குப் பிறகு அதைக் கூட்ட முடியாது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு நஷ்டக் கணக்கில் போகும். ஆக அங்கே மதிப்பை வைத்து வாதாட வழியில்லை, ரிப்பேர் மதிப்பீட்டை வைத்துத்தான் வாதாட வேண்டும். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க ஐடிவியைக் குறைத்துப் போட்டவருக்குச் சின்ன இடிகூட டோட்டல் லாஸாகிவிடும்.

படி 3: போட்டோ எடுங்கள், மற்றவர்கள் எடுக்காததை எடுங்கள்

சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அடிபட்ட பக்கத்தைத்தான் எடுப்பார். அடிபடாத பக்கத்தை நீங்கள் எடுங்கள். நாலு மூலை, கூரை, அடிப்பாகம், சக்கர வளைவின் உட்புறம், டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிவிட்டுத் தெரியும் ஃப்ளோர் என்று வரிசையாக எடுக்க வேண்டும். சேஸிஸ் நம்பர் பொறித்த இடம், இன்ஜின் நம்பர், கம்பெனித் தகடு மூன்றும் எழுத்து தெளிவாகத் தெரியும்படி வேண்டும். "முன்பே துருப்பிடித்திருந்தது" என்று மதிப்பில் கழிக்கப் பார்க்கும்போது, அந்த அடிப்பாகப் போட்டோக்கள்தான் பேசும்.

உடைந்து விழுந்த எதையும் தூக்கிப் போடாதீர்கள். நொறுங்கிய ஹெட்லைட் வளையம், இரண்டாகப் போன பேட்ஜ், வளைந்த பம்பர் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கட்டும். மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை என்றால் உடைந்ததை வைத்துத்தான் புதிதாக வார்ப்பதோ தட்டுவதோ செய்ய முடியும்.

படி 4: மதிப்பு எண்ணை உடையுங்கள்

சந்தை மதிப்புப் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு, முழு விவகாரத்திலும் அதிக உழைப்பைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். எண் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கம்பெனி காரின் மதிப்பை 100 என்று வைக்கிறது, ரிப்பேர் 85. தாண்டக் கூடாத கோடு 75 சதவீதம் என்றால் கார் டோட்டல் லாஸ். மதிப்பு உண்மையில் 130 என்று நீங்கள் நிரூபித்துவிட்டால், கோடு 97.5-க்குப் போய்விடும். காரில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை, அதே 85 இப்போது ரிப்பேர் செய்யத்தக்க சேதம்.

முதலில் அவர்களின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். எந்தப் பட்டியல், எந்த ஒப்பீட்டுக் கார்கள், எந்தத் தேதி? கிடைக்கும் பதிலில் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். வேறு வருட மாடல், வேறு இன்ஜின் அளவு, பின்னாளில் வந்த மலிவான பதிப்பு என்று ஏதாவது ஒன்றை ஒப்பிட்டிருப்பார்கள். கிளாசிக் கார்களில் ஒரு வருட வித்தியாசம்கூடப் பெரிய விஷயம். ஜாகுவார் இ-டைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் வந்த முதல் சீரிஸும் 1974 வரை ஓடிய மூன்றாம் சீரிஸும் பெயரில்தான் ஒன்று. முதலாவதில் ஆறு சிலிண்டர், மூன்றாவதில் பன்னிரண்டு. சேகரிப்பாளர்கள் அவற்றை ஒரே வரிசையில் வைத்து விலை பேசுவதில்லை.

பிறகு உங்கள் தரப்பு ஆதாரம். அதே மாடல், அதே நிலையில் இருக்கும் கார்கள் உண்மையில் விற்ற விலைகளைத் திரட்டுங்கள். ஏல முடிவுகள் இதற்கு நல்லது, ஏனென்றால் அது கைமாறிய தொகை. விளம்பர விலை வெறும் ஆசைதான் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அது சரியான வாதம், எனவே விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். உச்ச விலைக்குப் போன ஒரு காரைப் பொறுக்கி எடுத்துக் காட்டுவதும் வேலைக்காகாது. நாலைந்து விற்பனையைக் கீழிருந்து மேல்வரை வைத்து, உங்கள் கார் எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் என்று விளக்குங்கள்.

அந்த "ஏன்" என்பதற்கு ரசீதுகள் வேண்டும். இன்ஜின் மறுகட்டமைப்பு, புது வயரிங், தோல் இருக்கை வேலை, குரோம் பூச்சு என்று ஒவ்வொன்றுக்கும் பில், தேதி, போட்டோ. செலவழித்த தொகை முழுவதும் மதிப்பில் சேராது என்பதையும் மனதில் வையுங்கள். நூறு போட்டுச் செய்த வேலை விலையில் நாற்பதாகத்தான் தெரியலாம். ஆனால் காரின் நிலை முதல் தரம்தான் என்று நிரூபிக்க அந்த பில்களைவிட நல்ல சாட்சி இல்லை. காரின் பிறப்புச் சான்றும் உதவும். பல தயாரிப்பாளர்களின் ஆவணக் காப்பகங்கள், கார் எந்த நிறத்தில், எந்த இன்ஜின் நம்பரோடு ஆலையை விட்டு வெளியே வந்தது என்று எழுதித் தருகின்றன. எம்ஜி, மோரிஸ், ஆஸ்டின் போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் அப்படி ஒரு சான்றிதழ் தருகிறது. இன்ஜின் நம்பர் ஆலைப் பதிவோடு பொருந்தினால் மதிப்பு ஒரு படி ஏறும்.

கடைசியாக ஒரு தனி மதிப்பீட்டாளர். அந்த மாடலை அறிந்தவராகவும், காரை நேரில் பார்த்து எழுதுபவராகவும் இருக்க வேண்டும். கட்டணம் உங்கள் கைச்செலவுதான், ஆனாலும் நான் இதைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். கம்பெனியின் பட்டியலுக்கு எதிரே ஒரு நிபுணரின் கையெழுத்திட்ட அறிக்கை இருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

படி 5: ரிப்பேர் எண்ணையும் சும்மா விடாதீர்கள்

கம்பெனியின் மதிப்பீடு புது கார் ஒர்க்‌ஷாப்பின் பழக்கத்தில் போடப்பட்டிருக்கும்: அடிபட்டதைக் கழற்று, புதுசை மாட்டு. பழைய காரில் மட்கார்டைத் தட்டி நிமிர்த்தலாம், கிழிந்த மூலையை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைக்கலாம். டிங்கரிங் தெரிந்த கை இதை எத்தனையோ முறை செய்திருக்கும். பாகங்கள் கிடைக்காது என்று எழுதியிருந்தால் அதையும் சரிபாருங்கள். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு முழு பாடி ஷெல்லையே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் புதிதாகச் செய்து தருகிறது. இ-டைப்பின் முன்பகுதிச் சட்டகம் குழாய்களால் ஆனது, போல்ட்டில் கழலும், தனியாகவே வாங்கி மாற்றலாம். பீட்டில் காரில் பாடி வேறு, ஃப்ளோர் பான் வேறு. போல்ட்டைக் கழற்றினால் இரண்டும் பிரியும்.

கிளாசிக் வேலை தெரிந்த இரண்டு ஒர்க்‌ஷாப்பில் எழுத்துப்பூர்வ மதிப்பீடு வாங்குங்கள். பாகம், கூலி, பெயின்ட் தனித்தனியாக இருக்கட்டும். எதிர்த்தரப்பு "பெட்டர்மென்ட்" என்று ஒரு கழிவு கேட்கும். பழைய பாகத்துக்குப் புதுசு போட்டதால் கார் முன்பைவிட நன்றாகிவிட்டது என்ற வாதம். டயர், பேட்டரிக்கு அது நியாயம். ஒரு பக்கம் அடிபட்டதற்காக அந்தப் பக்கத்தை மட்டும் பெயின்ட் அடித்ததில் கார் மேம்பட்டது என்பது சிரிப்புக்குரியது.

படி 6: எந்த முத்திரை விழுகிறது என்று பாருங்கள்

முத்திரை என்பது, கார் எந்த வகைச் சேதத்தில் சேர்கிறது என்று அதன் பதிவில் விழும் குறிப்பு. பலர் தொகையிலேயே கண்ணாக இருந்துவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள். தொகை ஒரு முறை வருவது, முத்திரை காரின் பதிவில் காலத்துக்கும் நிற்பது.

பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் நான்கு வகைகள். ஏ என்றால் முழு வண்டியும் நசுக்கப்பட வேண்டும், ஒரு பாகம்கூட எடுக்கக் கூடாது. பி என்றால் பாகங்களை எடுக்கலாம், பாடி ஷெல் நசுங்க வேண்டும். எஸ் என்பது கட்டமைப்பில் சேதம், ஆனால் சரிசெய்யலாம். என் என்பது கட்டமைப்பில் சேதமில்லை. முன்பிருந்த சி, டி வகைகள் செலவுக் கணக்கை வைத்துப் பிரித்தன. இப்போதைய எஸ், என் இரண்டும் சேதத்தின் தன்மையை வைத்துப் பிரிப்பவை. கார் பி-யில் விழுந்தால் மீட்கவே வழியில்லை. எனவே புது கார்களை மட்டும் பார்த்துப் பழகிய ஒருவர் உங்கள் காருக்கு பி போட்டால், அந்த மாடலின் சேஸிஸை அறிந்த பொறியாளரின் அறிக்கையோடு உடனே மறுபரிசீலனை கேளுங்கள். தொகைப் பேச்சு அப்புறம்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சில மாநிலங்கள் ஒரு சதவீதக் கோடு வைத்திருக்கின்றன; டெக்சஸில் அது 100. சில மாநிலங்களில் ரிப்பேர் செலவையும் சால்வேஜ் மதிப்பையும் (உடைந்த நிலையில் விற்றால் கிடைப்பது) கூட்டி, காரின் மதிப்போடு ஒப்பிடுவார்கள். தாண்டினால் காரின் உரிமைப் பத்திரம் சால்வேஜ் டைட்டில் ஆகும், சரிசெய்து சோதனையில் தேறினால் ரீபில்ட் டைட்டில்.

இந்தியாவில் கேட்க வேண்டிய கேள்வி ஆர்சி பற்றியது. "நெட் ஆஃப் சால்வேஜ்" முறையில், அதாவது சால்வேஜ் மதிப்பைக் கழித்த பணத்தை வாங்கி, வண்டியை வைத்துக்கொள்ளும்போது ஆர்சி உங்களிடமே இருக்கிறதா, ரத்தாகிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆர்சி ரத்தானால் பிறகு உங்களிடம் இருப்பது கார் இல்லை, கார் வடிவத்தில் உள்ள பாகங்கள்.

படி 7: புகார் ஏணியில் ஏறுவது

முதல் படி எப்போதும் கம்பெனியின் சொந்தப் புகார்ப் பிரிவு. "இது முறையான புகார்" என்ற வார்த்தை கடிதத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாதாரண விசாரணையாக ஓரம் போய்விடும். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். எந்த எண்ணை மறுக்கிறீர்கள், உங்கள் எண் என்ன, ஆதாரம் எத்தனையாம் இணைப்பு, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், அவ்வளவுதான். கோபத்தைத் தனியாக இன்னொரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அனுப்ப வேண்டாம்.

அதற்கு மேலே, பிரிட்டனில் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன் சர்வீஸ் என்ற குறைதீர்ப்பு அமைப்பு. கம்பெனிக்கு எட்டு வாரம் அவகாசம். இறுதிப் பதில் வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும், கட்டணமில்லை. இந்தியாவில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன். கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம், அதற்கும் கட்டணமில்லை. சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கிய பிறகே மனு எழுதுங்கள். அதைப் பார்க்காமல் எழுதுவது இருட்டில் கல்லெறிவது. அமெரிக்கப் பாலிசிகள் பலவற்றில் மதிப்பீட்டு ஷரத்து ஒன்று இருக்கும். இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை நியமிக்க, அந்த இருவரும் சேர்ந்து ஒரு நடுவரைத் தேர்வு செய்வார்கள். மூவரில் இருவர் ஒத்துக்கொண்ட தொகைதான் முடிவு. கோர்ட்டைவிட வேகம், ஆனால் முடிவு பிடிக்காவிட்டாலும் கட்டுப்பட வேண்டும்.

படி 8: வண்டியைத் திரும்ப வாங்கும் கணக்கு

டோட்டல் லாஸ் என்பதே நிலைத்துவிட்டாலும் கார் போய்விட வேண்டும் என்றில்லை. காரை நானே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டால், தொகையில் சால்வேஜ் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஒப்புக்கொண்ட மதிப்பு 100, பாலிசிப்படி நீங்களே ஏற்க வேண்டிய பங்கு 5, சால்வேஜ் 15 என்றால் கையில் வருவது 80, கூடவே உடைந்த கார். நீங்கள் வாங்கிய ரிப்பேர் மதிப்பீடு 70 என்றால் தாராளமாக இறங்கலாம். 80 என்றால் யோசிக்க வேண்டும், ஏனென்றால் பழைய காரைப் பிரித்த பிறகு மதிப்பீடு ஏறாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. முத்திரையால் மறுவிற்பனையில் குறையும் தொகையையும் அதே தாளில் எழுதுங்கள்.

சால்வேஜ் எண்ணும் பேரத்துக்குரியதுதான். அது எந்த ஏலக் கேட்பிலிருந்து வந்தது என்று கேளுங்கள். வண்டியை வைத்துக்கொள்ளும் விருப்பத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது முக்கியம். பல பாலிசிகளில் முழுத் தொகை தந்ததும் கார் கம்பெனிக்குச் சொந்தமாகிவிடும் என்று இருக்கும். பணம் வந்த பிறகு கேட்டால் கார் ஏலத்துக்குப் போயிருக்கும்.

படி 9: பணத்தைக் கொட்டும் முன் சேதத்தைப் படியுங்கள்

மோதல் சேதம் என்றால் முதலில் கதவு இடைவெளிகளைப் பாருங்கள். கதவின் முன்விளிம்புக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள கோடு மேலே குறுகி, கீழே விரிந்திருந்தால், அடி மட்கார்டோடு நிற்கவில்லை, கண்ணாடித் தூணை நகர்த்தியிருக்கிறது. தூண் கூரையைச் சந்திக்கும் மூலையில் பெயின்ட் முடி போல விரிசல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடுத்து இரு பக்கமும் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளவெடுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும்.

சேஸிஸை அளக்கும் பெரிய பெஞ்ச் இல்லாமலேயே ஒரு பழைய முறை உண்டு. சமதளத் தரையில் காரை நிறுத்தி, அடிப்பாகத்தில் இடமும் வலமும் ஒத்த புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, கூர்முனை நிற்கும் இடத்தில் சாக்பீஸால் குறி வையுங்கள். காரைத் தள்ளிவிட்டுக் குறிகளுக்கிடையே மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். இரு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால் சட்டகம் சதுரமாக நிற்கிறது. ஒர்க்‌ஷாப் மேனுவலில் அந்த மாடலுக்கான அளவு வரைபடம் இருக்கும். ஆலையிலிருந்து வரும்போதே சில மில்லிமீட்டர் வித்தியாசத்தோடு வந்த கார்கள் அக்காலத்தில் சகஜம், அதனால் சின்ன எண்ணுக்கு அலற வேண்டாம். விரற்கடை அளவு வித்தியாசம் என்றால் வண்டி, சட்டகத்தைப் பிடித்து நேராக்கும் ஜிக்கில் ஏற வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் ஒரே கட்டளை: ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றிலும் ஆயிலை இறக்குங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சில் பாக்ஸுக்குள் அடைந்த சேறுதான் மெதுவான எமன். வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து, நல்ல தண்ணீரை அழுத்தமாகப் பாய்ச்சி, முழுக்கக் காய்ந்த பிறகு மெழுகு ஏற்ற வேண்டும். கடல்நீர் என்றால் இதையெல்லாம் உப்பு காய்வதற்கு முன்பே செய்ய வேண்டும். ஒரு நியாயமான விஷயத்தில் பழைய கார் புது காரைவிட மேல்: நனைந்து கெட கணினிப் பெட்டிகள் அதில் கிடையாது.

தீ பிடித்த கார்தான் படிக்க மிகக் கடினம், சுவாரசியமும் அதில்தான். தகட்டைப் பார்த்து எவ்வளவு சூடானது என்று சொல்ல முடியாது, பக்கத்தில் உருகியதையும் உருகாததையும் பார்த்துச் சொல்லலாம். பழைய கார்களின் பாடி இணைப்புகளில் ஈயமும் வெள்ளீயமும் கலந்து நிரப்பியிருப்பார்கள். அது 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி, பேட்ஜ் எல்லாம் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அது 400-க்குக் கொஞ்சம் கீழே ஒழுகிவிடும். அலுமினியம் 660. ஆக கூரை மூலையில் ஈயம் மட்டும் வழிந்திருக்கிறது, கைப்பிடி அப்படியே இருக்கிறது என்றால் அந்தப் பகுதித் தகடு பிழைத்துக்கொள்ளும். இன்ஜின் அறையில் அலுமினியப் பாகம் தரையில் குட்டையாக உறைந்து கிடக்கிறது என்றால் அருகிலுள்ள ஸ்பிரிங், ஸ்டியரிங் பாகம், பிரேக் பாகம் எதையும் நம்பக் கூடாது. சூட்டில் ஸ்பிரிங்கின் பதம் போயிருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பாரம் ஏற்றினால் அமுங்கிவிடும். தீயணைக்க அடித்த உலர்தூளையும் மறக்காதீர்கள். அது ஈரத்தோடு சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். முதலில் உலர்வாகவே உறிஞ்சி எடுத்துவிட்டு அப்புறம்தான் கழுவ வேண்டும்.

எந்த வகைச் சேதமானாலும் தகட்டைத் திறந்தால் பழைய பாவங்கள் வெளியே வரும். முன்னொரு காலத்தில் யாரோ அரை அங்குலத்துக்கு பட்டி பூசி மறைத்த துரு தெரியும். அதை இப்போதைய விபத்துக் கணக்கில் சேர்க்கப் பார்க்காதீர்கள். மொத்த கிளெய்மின் நம்பகத்தையும் அது கெடுத்துவிடும். அந்தச் செலவு உங்களுடையது.

படி 10: சரிசெய்யும்போது காரின் அடையாளத்தைக் காப்பாற்றுங்கள்

வேலை வரிசை முக்கியம். சட்டகம் நேராக வேண்டும், பிறகு பாடித் தகடுகள், கதவும் பானெட்டும் டிக்கியும் பூட்டிப் பார்த்து இடைவெளி சரிசெய்தல், அதன் பிறகே பெயின்ட். இடைவெளி பார்க்காமல் பெயின்டுக்குப் போன கார் மறுபடி டிங்கரிங்குக்குத்தான் திரும்பும்.

எவ்வளவு மாற்றுவது? எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 2012-ல் டுரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. அசலைக் காப்பது, மாற்றியதை ஆவணப்படுத்துவது என்பதே அதன் சாரம். இது வெறும் ரசனை விஷயம் இல்லை, பதிவையும் பாதிக்கும். இந்தியாவில் 2021-ல் வந்த விதிப்படி, 50 வருடத்தைத் தாண்டிய கார் விண்டேஜாகப் பதிவாகி "விஏ" எழுத்துள்ள நம்பர் பெறலாம். ஆனால் சேஸிஸிலோ பாடி ஷெல்லிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

சேஸிஸ் நம்பர் பொறித்த தகடே அடிபட்டிருந்தால் வெட்டும் முன் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். நம்பர் உள்ள துண்டை வெட்டி வேறொரு ஷெல்லில் ஒட்டுவது திருட்டுக் கார் கும்பலின் வேலைமுறை. நல்லெண்ணத்தோடு செய்தாலும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் தெரியாது.

படி 11: மறுபடி சாலைக்கு

வேலை முடிந்ததும் சக்கரக் கோணம், பிரேக், விளக்கு மூன்றையும் வேலை செய்த ஒர்க்‌ஷாப் அல்லாத வேறொருவரிடம் சோதித்து அறிக்கை வாங்குங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் அடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும். புது பாலிசிக்கு விண்ணப்பிக்கும்போது முழு நஷ்ட வரலாற்றை மறைக்க வேண்டாம். மறைத்தது பிறகு தெரிந்தால் அடுத்த கிளெய்ம் மொத்தமாகத் தள்ளுபடியாகும். கிடைக்கும் இடத்தில் ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசியே எடுங்கள். நிபுணரின் மதிப்பீட்டை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். முழு நஷ்டமானாலும் காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை எழுத்தில் இருக்கிறதா என்றும், சால்வேஜ் கழிவு எப்படிக் கணக்கிடப்படும் என்றும் பிரீமியம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். சில கிளாசிக் பாலிசிகளில் இந்த உரிமை கூடுதல் கட்டணமில்லாமலே வருகிறது.

பின்னாளில் விற்க நேர்ந்தால், சேதப் போட்டோ, சர்வே ரிப்போர்ட், அளவுத் தாள், பில்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக வாங்குபவர் முன்னால் வையுங்கள். முத்திரையை மட்டும் பார்த்தவர் விலையில் பெரிதாக வெட்டுவார். மூலைவிட்ட அளவுகள் வரை காட்டும் ஃபைலைப் பார்த்தவர், கிளாசிக் கார் வாங்கிப் பழகியவராக இருந்தால், அதைவிடக் குறைவாகத்தான் வெட்டுவார்.